கேட்டைப் பூட்டினது ஞாபகம் இல்லையாம்!

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 17 வயசு, பிளஸ் டூ. போன மாசம் ஊர் திருவிழால பசங்களோட சேர்ந்து ஒரு குவார்ட்டர் குடிச்சிருக்கான். காலைல கேட்டா எப்படி வந்தேன்னே தெரியலங்கிறான், ஆனா அவனே பைக் ஓட்டிட்டு வந்து கேட்டைப் பூட்டி சாவிய ஆணில மாட்டிட்டுத்தான் படுத்தான். பொய் சொல்றானா? 'நான் ஸ்டெடியாத்தாம்மா இருந்தேன்'ங்கிறான். அவங்கப்பா வயசுப் பையன் விடுங்கிறார். மூளைக்கு ஏதும் ஆகுமா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: பொய் சொல்லலம்மா. அந்த சாவி விஷயத்தப் படிச்சதும் எனக்கு பகீர்னுச்சு. ஆல்கஹால் ரத்தத்துல சட்டுனு ஏறினா, மூளைல நடக்கிறத நினைவா பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதி வேலைய நிறுத்திடும், கை கால் பாட்டுக்கு ஓடும், பைக் கூட ஓட்டும், ஆனா உள்ள எதுவும் பதிவாகாது. நாளைக்கு கெமிஸ்ட்ரி படிக்கிறதுக்கும் அவனுக்கு அதே இடம்தான் வேணும்.

ஒரு குவார்ட்டர்னா 180 மில்லி, 42.8 சதவீதம், கணக்குப் போட்டா சுமார் 60 கிராம் ஆல்கஹால். ஒரே தடவைல 60 கிராம் போனாலே அதிகக் குடின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுவும் வளர்ந்தவங்களுக்கு. ஸ்டெடியா இருந்தேங்கிறானே, அதக் கேட்டு ஏமாந்துடாதீங்க, நமக்கெல்லாம் கொஞ்சம் போனதுமே தூக்கம் சொக்கும், கால் தள்ளும், போதும்னு உடம்பே சொல்லிடும், இந்த வயசுல அது லேட்டாத்தான் தெரியும், அதனாலதான் பசங்க அளவு தெரியாம ஏத்திக்கிறாங்க.

மூளை முழுசா வளர கிட்டத்தட்ட 25 வயசு ஆகும், கடைசியா முடியறது நெத்திக்குப் பின்னாடி இருக்கிற பகுதி, வேணாம்டான்னு நம்மள நிறுத்துறதே அதுதான். அமெரிக்காவுல 12லேந்து 21 வயசு வரைக்கும் 800 பேருக்கு மேல சேர்த்து வருஷக்கணக்கா ஸ்கேன் எடுத்துப் பார்த்ததுல, நிறைய குடிக்கிற பசங்களுக்கு அந்த முன்பகுதி வழக்கத்தவிட வேகமா சுருங்குது. ஒரு தடவைல மூளை போச்சுன்னு நான் பயமுறுத்தல, ஆனா இது அடிக்கடி நடக்க விட்டா மூளைக்கு ஆபத்து. 21 வயசு ஆகாதவங்களுக்கு விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அப்புறம் யார் வாங்கிக் குடுத்தாங்கன்னு மெதுவா கேளுங்க.

அடிக்காதீங்க, திட்டாதீங்க. இந்தப் பதில அவங்கப்பாவ உக்கார வச்சுப் படிச்சுக் காட்டுங்க. திரும்பவும் நடந்தா 14416க்கு போன் பண்ணுங்க, அது டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க. இப்போதைக்கு பைக் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்மா.