கோட்டு போடாததற்கு வேலையைப் பறிப்பதா?

கேள்வி: ரயிலில் சாதாரண சட்டையில் வந்த டிக்கெட் பரிசோதகர் அபராதம் கேட்டார். நெஞ்சில் பெயர்ப் பட்டைகூட இல்லை. சீருடை போடாத ரயில்வே ஊழியர்களை டிஸ்மிஸ் செய்தால்தானே சரிப்படும்?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. பணம் கேட்டு எதிரே நிற்பவர் உண்மையான டி.டி.இ.தானா என்று பயணிக்கு எப்படித் தெரியும்? போலிகள் பிடிபட்ட செய்திகளும் வந்துகொண்டுதானே இருக்கின்றன! நடுராத்திரியில் தனியாகப் போகும் ஒரு பெண்ணை எழுப்பி டிக்கெட் கேட்பவர், தான் யாரென்று தெரியாத கோலத்தில் வரவே கூடாது. இனி அப்படி யாராவது வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் ரயில்வே உதவி எண் 139-க்குப் புகார் செய்யுங்கள்.

ஆனால் டிஸ்மிஸ் என்பதை நான் ஏற்க மாட்டேன். டிஸ்மிஸ் ஆனவருக்கு கிராஜுவிட்டி போகும். வேறு அரசு வேலைக்கான வாசலும் பொதுவாக அடைபடும். ஒரு குடும்பமே தெருவுக்கு வரும். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாடே ஸ்தம்பித்த அந்தப் போராட்டத்தில் வேலை இழந்தவர்களைக்கூட, 1977-ல் ஆட்சி மாறியதும் ரயில்வே அமைச்சர் மது தண்டவதே திரும்ப எடுத்துக்கொண்டார். ஒரு கோட்டு போடாததற்கா அந்தத் தண்டனை?

சட்டமும் அவ்வளவு சுலபமாக விடாது. அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவுப்படி விசாரணை நடத்தியாக வேண்டும். ரயில்வேயின் 1968-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் கண்டனம், இன்கிரிமென்ட் நிறுத்தம் எல்லாம் இருக்கின்றன. இலவசப் பயண பாஸை நிறுத்தி வைக்கவும் இடமுண்டு. பாஸ் போனால் எந்த ரயில்வே ஊழியருக்கும் உறைக்கும். இவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தாமல் வேலையே போய்விடும் என்று மிரட்டுவது, நடக்காத காரியத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதுதான். ஊழியர்களுக்கும் அது தெரியும்.

துணி கிடைக்கவில்லை என்ற சாக்கும் செல்லாது. 2017 ஜூலை முதல் உடைப் படி தருகிறார்கள்: ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், தண்டவாளத்தைப் பராமரிக்கும் டிராக்மேனுக்கு 5,000 ரூபாய் என்று ஆரம்பித்தது. டிராக்மேனின் பளிச்சென்ற ஜாக்கெட் உயிர் காக்கும் பொருள். தூரத்திலேயே ரயிலை ஓட்டும் லோகோ பைலட் கண்ணில் பட வேண்டும். அது கிழிந்திருந்தால் மெமோ கொடுக்க வேண்டியது அவருக்கல்ல, புது ஜாக்கெட் வாங்கித் தராத மேலதிகாரிக்கு.

உங்களிடம் அபராதம் கேட்டவரும் ரயில் ஏறுமுன் எங்கோ கையெழுத்துப் போட்டுத்தான் டியூட்டியில் சேர்ந்திருப்பார். சீருடை இல்லாமல் அவரை ரயிலில் ஏற விட்டது யார்? நடவடிக்கையை அங்கிருந்து தொடங்கட்டும்.