கொல்லைப்புறத்தில் ரெடிமேட் வீடு: முதலில் வாட்டம் பாருங்கள்

கேள்வி: கோவை வடவள்ளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். 36-க்கு 60 அடி, ஐந்து சென்ட் மனை. முன்பக்கம் 950 சதுர அடியில் என் வீடு. செப்டிக் டேங்க் தெருவாசல் பக்கம் இருக்கிறது. கொல்லையில் 20 அடி நீளத்துக்குக் காலி இடம், மேற்கு ஓரத்தில் குடிநீர்க் கிணறு, ஒரு தென்னை. பக்கவாட்டில் ஐந்தடி நடைவழி. அங்கே சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத வகையில் 350 சதுர அடி ரெடிமேட் வீடு வைத்து வாடகைக்கு விட ஆசை. சதுர அடிக்கு 1,500 ரூபாய், வரி தனி, ஒரு மாதத்தில் முடியும், அனுமதி எதுவும் வேண்டாம் என்கிறது ஒரு நிறுவனம். வாடகை 7,000 வரும். துணியலாமா?

பதில்: துணியலாம் அம்மா. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கொத்தனாரை அழைத்து, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து வாட்டம், அதாவது கழிவுநீர் ஓடத் தேவையான சரிவு, பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான். உங்கள் திட்டத்தின் தலைவிதி அதில் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். புது வீட்டின் கழிவுநீரைக் கொல்லையிலேயே உறிஞ்சுகுழி தோண்டி விட முடியாது. குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. அது ஏறக்குறைய 60 அடி, உங்கள் மனையின் முழு நீளம். எனவே குழாய் நடைவழியாக முன்பக்க டேங்குக்குத்தான் வர வேண்டும். நாலு அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் வாட்டம் விடுவது வழக்கம். 50 அடி ஓட்டத்துக்குப் பத்து அங்குலம் ஆயிற்று. டேங்கில் குழாய் நுழையும் மட்டத்தைவிடப் பின்வீட்டுக் கழிப்பறையின் குழாய் அத்தனை உயரத்தில் இருந்தாக வேண்டும். கொல்லை தாழ்வாக இருந்தால் பேஸ்மென்ட்டை இரண்டடி, மூன்றடி உயர்த்த நேரும். அந்தச் செலவு கொட்டேஷனில் இருக்காது. உங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் நேரடியாக அதில் இணைப்பதே மேல். வாட்டக் கணக்கு அதற்கும் உண்டு.

அடுத்தது வழி. கன்டெய்னரை மாற்றியமைத்த வீடு அழகாகத் தெரியும். ஆனால் எட்டடி அகலப் பெட்டி ஐந்தடி நடைவழியில் வராது, கிரேன் வைத்து வீட்டுக்கு மேலே தூக்க வேண்டும். மேலும், வழக்கமான கன்டெய்னரின் உள் உயரம் 2.39 மீட்டர். வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கன்டெய்னரை மறந்துவிடுங்கள். உங்களுக்கு ஏற்றது இரும்புச் சட்டத்தில் பேனல்களைப் பூட்டும் முறை. ஒரு மீட்டர் அகலப் பலகைகளாக வருவதால் ஆட்கள் கையிலேயே தூக்கி வந்துவிடலாம்.

பேனலில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இரு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனல் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் தீப்பிடித்தால் அதன் புகை நஞ்சு. குடியிருப்பவர் அடுப்பு பற்றவைக்கப்போகும் வீடு இது. சமையலறைச் சுவருக்காவது எரியாத ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பேனலைக் கேளுங்கள், வீடு முழுவதற்கும் கிடைத்தால் இன்னும் நல்லது. கூரைக்கும் அதையே போட்டால் மழைச் சத்தம் குறையும். நிறுவனம் மாதிரி வீட்டைப் பார்க்கக் கூப்பிடும். காலையில் போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குப் போய், ஏசியை அணைக்கச் சொல்லி, நாற்காலி மேல் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். பத்து நொடி கையை வைத்திருக்க முடியாவிட்டால் அந்த வீட்டில் சித்திரை மாதம் யாரும் தங்க மாட்டார்கள். கீசர், லாஃப்ட், டிவி வரும் இடங்களில் பேனலுக்குப் பின்னால் இரும்புக் குறுக்குச்சட்டம் வைக்கச் சொல்லுங்கள். வெறும் பேனலில் அடித்த திருகாணி எடை தாங்காது. தென்னைக்கு நேர் கீழே கூரை வரக் கூடாது. ஒரு காய் விழுந்தால் போதும், தகடு நசுங்கிவிடும்.

'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்பதை நிறுவனம் சொல்கிறது என்பதற்காக நம்ப வேண்டாம். இரும்பும் நுரையும் தயாரிக்க நிறைய எரிசக்தி செலவாகிறது. உண்மையான ஆதாயம் வேறு: பூச்சுக்கும் நீராற்றுதலுக்கும் தண்ணீர் கொட்ட வேண்டியதில்லை, இடிபாடு மிஞ்சாது, பின்னாளில் கழற்றி வேறிடத்தில் பூட்டலாம். உரத் தொழிற்சாலைக் கழிவான ஜிப்சத்தில் வார்த்த பேனல்களைக் கொண்டு சென்னை ஐஐடி வளாகத்தில் 2013-இல் நான்கு குடியிருப்புகள் ஒரே மாதத்தில் எழும்பின. அருமையான முறை, ஆனால் 12 மீட்டர் வரை நீளமுள்ள அந்தப் பேனல்களுக்குக் கிரேன் வேண்டும். உங்கள் சந்துக்கு ஒத்துவராது. உங்களால் முடிந்த பெரிய நன்மை மழைநீர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 350 சதுர அடிக் கூரையில் 19,000 லிட்டர் விழும். அதை வடிகட்டிக் கிணற்றில் விடுங்கள்.

அனுமதி வேண்டாம் என்பது தவறு. செங்கல்லோ உலோகமோ, மனிதர் வசிப்பது கட்டடம்தான். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, சுயசான்று முறையில் இணையத்தில் உடனே அனுமதி தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. அளவில் நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியையும் பழைய வீட்டின் வரைபட அனுமதியையும் பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் பார்க்கட்டும். அனுமதி இல்லாவிட்டால் தனி மின் இணைப்பு கேட்கும்போது சிக்கல் வரும். இணைப்பு ஒன்றாகவே இருந்தால் கரண்ட் பில் வரும்போதெல்லாம் தகராறு.

இனி பணம். வீடு 5,25,000, 18 சதவீத ஜிஎஸ்டி 94,500. அஸ்திவாரம், கழிவுநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பு, நடைவழித் தளம் ஆகியவற்றுக்கு என் மதிப்பீடு 1,80,000. ஆக மொத்தம் எட்டு லட்சம். ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் வாடகை 77,000. வரியும் பழுதுபார்ப்பும் போக 64,000 என்று வையுங்கள். போட்ட பணம் திரும்பப் பன்னிரண்டரை வருடம் ஆகும். எட்டு லட்சத்தையும் கடனாக வாங்குவதாக இருந்தால் செய்யாதீர்கள், வட்டியே வாடகையைத் தின்றுவிடும். சேமிப்பிலிருந்து போடுவதானால், மருத்துவச் செலவுக்கு ஒதுக்கியதைத் தொடாமல் போடுங்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு மேல் நிற்க வேண்டிய வீடு என்பதால் சட்டம் முழுவதும் துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பாக இருக்கட்டும். தளத்தில் அறுத்த முனைகளுக்கும் பூச்சுத் தடவுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கடைசித் தவணையாகப் பத்து சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கூரையும் சுவரும் சேரும் மூலையில் பெரும்பாலும் ஒழுகும். அந்த இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்.