மருத்துவர் பதில்கள்: துடிப்பு சீராகத் தெரிந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 67. கோபிசெட்டிபாளையம் பக்கம் நெல்லும் மஞ்சளும் பயிரிடுகிறேன். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உள்ளன. கண்புரை அறுவைக்கு முன் எடுத்த ஈசிஜியில் இதயம் ஒழுங்கில்லாமல் துடிப்பது தெரியவந்தது. ஈரோட்டில் பார்த்த இதய மருத்துவர் மெட்டோப்ரோலால் மாத்திரையும், காலை மாலை அபிக்ஸாபான் 5 மில்லிகிராமும் எழுதிக்கொடுத்தார். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வீட்டிலுள்ள பிரஷர் கருவியிலும் துடிப்பு 76, 78 என்றே காட்டுகிறது. "அந்த மாத்திரை எலி மருந்து, நடையும் பத்தியமும் போதும்" என்கிறார் பங்காளி ஒருவர். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. உங்களுக்குக் கொடுத்திருக்கும் இரண்டு மாத்திரைகளும் வெவ்வேறு வேலைகளைச் செய்பவை. கருவியில் தெரியும் 76 என்ற எண் மெட்டோப்ரோலாலின் வேலை. அது துடிப்பின் வேகத்தைத்தான் குறைக்கிறது, ஒழுங்கைத் திருப்பித் தருவதில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இந்த நிலையில் இதயத்தின் மேலறைகள் முழுமையாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதால், இடது மேலறையை ஒட்டியுள்ள சிறு பை போன்ற பகுதியில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம் வருகிறது. இந்த நிலை உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. அபிக்ஸாபான் தடுப்பது இந்தக் கட்டியைத்தான். தொந்தரவு ஏதும் தெரியவில்லை என்பதால் அபாயம் இல்லை என்று ஆகிவிடாது. உங்களுக்கே ஈசிஜி எடுத்த பிறகுதானே தெரிந்தது?

இந்த மாத்திரை யாருக்குத் தேவை என்பதை மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் கணக்கால் முடிவு செய்கிறோம். 65 முதல் 74 வரையான வயதுக்கு 1, இரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1 என உங்கள் கணக்கு 3 ஆகிறது. ஆண்களுக்கு 2 வந்தாலே மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. இந்தக் கணக்கில் நாடித் துடிப்புக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பின்னாளில் மின் அதிர்ச்சியாலோ, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்திச் செய்யும் சிகிச்சையாலோ துடிப்பு முற்றிலும் ஒழுங்குக்கு வந்தாலும், உறைவுத் தடுப்பு மருந்தைத் தொடர்வதா என்பதைப் பெரும்பாலும் இதே கணக்குதான் முடிவு செய்யும். அபிக்ஸாபானுக்குப் பதிலாக ஆஸ்பிரின் போதும் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். இந்த வகைப் பக்கவாதத்தைத் தடுப்பதில் அது மிகவும் பின்தங்கியது.

எலி மருந்துக் கதையில் ஓரளவு உண்மை உண்டு. 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப் பயிரைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. அதன் காரணத்தைத் தேடிய ஆய்விலிருந்து பிறந்ததே வார்ஃபரின். அது 1948-இல் எலி மருந்தாகவும், 1954-இல் மனிதர்களுக்கான மருந்தாகவும் விற்பனைக்கு வந்தது. உங்கள் மாத்திரை அந்த இனமே அல்ல.

பங்காளி சொன்ன நடையும் பத்தியமும் வீண் என்று நான் சொல்லவில்லை. மாத்திரைக்கு அவை மாற்றாகாது என்றுதான் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், கூடுதல் எடை கொண்டிருந்த நோயாளிகளில் பத்தில் ஒரு பங்கு எடையைக் குறைத்து அதைத் தக்கவைத்தவர்களுக்கு, துடிப்பு ஒழுங்கு தவறாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்தது. எண்பது கிலோ உள்ளவருக்கு இது எட்டு கிலோதான். மதுவை அடியோடு விட்டவர்களுக்கும் இந்தக் கோளாறு திரும்பி வருவது குறைகிறது என்பதும் நிறுவப்பட்டுள்ளது. "சந்தை நாளில் மட்டும்" என்ற சமாதானத்தை இதயம் ஏற்காது. பலத்த குறட்டையும் பகலில் அசதியும் இருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு பரிசோதனையும் ஒருமுறை செய்திருக்க வேண்டும். காலை மாலைக் காப்பியை நிறுத்த வேண்டியதில்லை.

உங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் அஞ்சுவது மஞ்சள் வெட்டும் பருவத்தைத்தான். முழங்காலும் இடுப்பும் வலிக்க, மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையை வாங்கி விழுங்குவது நம் பக்கம் பெருவழக்கு. அபிக்ஸாபானோடு அது சேர்ந்தால் குடலில் இரத்தக் கசிவு வரக்கூடும், சிறுநீரகமும் கெடும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழம்பில் போடும் மஞ்சளால் தீங்கில்லை. ஆனால் அதன் சாரத்தைச் செறிவூட்டி விற்கும் மாத்திரைகள் வேண்டாம். மலம் கருப்பாகப் போனால் அன்றே காட்டுங்கள். கண்புரை அறுவைக்குப் பெரும்பாலும் இந்த மாத்திரையை நிறுத்தத் தேவையிருக்காது. கண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழைத்து, கடைசி மாத்திரையை எப்போது போட்டீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பது அதைப் பொறுத்தே முடிவாகும்.

கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நோய் கண்ட ஓராண்டுக்குள் ஒழுங்கையே மீட்கும் சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்குப் பக்கவாதமும் இதய மரணமும் குறைந்ததாக 2020-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. உங்களுக்கு அது பொருந்துமா என்று ஈரோட்டு மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: சிறுவயதில் வந்த முடக்குக் காய்ச்சலால் எனக்கு மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கியிருக்கிறது, துடிப்பும் ஒழுங்கில்லை. அசிட்ரோம் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரையைச் சாப்பிட்டு, மாதாமாதம் காங்கேயத்திலிருந்து கோவைக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போய் வருகிறேன். பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறலாமா? (வயது 41)

பதில்: மாற வேண்டாம். உங்களைப் போன்ற வால்வு நோயாளிகளிடம் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்க நாடுகளில் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், புது வகையான ரிவரோக்ஸாபானைவிட, வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற பழைய வகை மருந்தை எடுத்தவர்களிடையே இறப்புக் குறைவாக இருந்தது. இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். முருங்கைக் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாறாமல் ஒரே அளவில் சாப்பிடுங்கள். அலைச்சலைக் குறைக்க, அருகிலுள்ள ஆய்வகத்தில் ஐஎன்ஆர் பார்த்து முடிவை மருத்துவருக்கு அனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள்.