மாதிரி நிறமாலைகள்: கேள்வி பதில்

கே: விண்மீனின் வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு, உலோகச் செறிவு, ஆல்பா தனிமங்கள் (ஆக்சிஜன், மெக்னீசியம் போன்றவை), நுண்கொந்தளிப்பு (வளிமண்டல வாயுவின் சிறு அசைவுகள்). ஐந்துக்கும் பத்துப் பத்துப் புள்ளி வைத்தால் ஒரு லட்சம் நிறமாலை. நிறமாலையைக் கணக்கிடும் டர்போஸ்பெக்ட்ரம் நிரலை எப்படி வேகப்படுத்துவது சார்?

வேகம் இருக்கட்டும், முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். 4000 கெல்வினில், குறு விண்மீனும் இல்லாமல் ராட்சத விண்மீனும் இல்லாமல் நடுவில் நிற்கும் மாதிரி யாருக்கு? விண்மீன்களின் பரிணாமப் பாதைகள் ஓடும் பகுதிக்குள் மட்டும் சில ஆயிரம் புள்ளிகளைச் சிதறவிடுங்கள். அவற்றில் ஒரு சிறிய நரம்பியல் வலையமைப்பைப் பழக்குங்கள். இடைப்பட்டதை அது தரும். 2019இல் வந்த 'தி பெய்ன்' என்ற முறை செய்தது இதைத்தான். அதில் 25 அளவுருக்கள். அவற்றின் எல்லாச் சேர்க்கைகளுக்கும் கட்டம் போட்டால், அளவுருவுக்கு இரண்டே புள்ளி என்றாலும் 3.3 கோடிக்கு மேல் நிறமாலை!

அப்புறம், வழக்கமான எச்சரிக்கை: காற்று அலைநீளமா, வெற்றிட அலைநீளமா என்று கோப்பிலேயே எழுதிவையுங்கள். 5000 ஆங்ஸ்ட்ராமில் வித்தியாசம் 1.4 ஆங்ஸ்ட்ராம். திசைவேகமாகப் பார்த்தால் நொடிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல்.

கே: ஒவ்வொரு சுழற்சி வேகத்துக்கும் தனியாகக் கணக்கிட வேண்டுமா?

வேண்டாம். கூர்மையாக ஒருமுறை கணக்கிட்டு, சுழற்சியையும் கருவியின் பிரிதிறனையும் பிறகு கன்வல்யூஷனில் (கோடுகளை அகலப்படுத்தும் கணக்கில்) சேருங்கள்.

கே: வலையமைப்பு கருப்புப்பெட்டி. கட்டமும் நேர்கோட்டு இடைச்செருகலும்தான் நேர்மை.

நேர்கோடு மட்டும் என்ன உத்தரவாதம் தருகிறது? 250 கெல்வின் இடைவெளியில் வலுவான கோடுகளின் அடிப்பகுதி வளைந்து போகிறது, நீங்கள் நேராக இழுக்கிறீர்கள். பழக்கத்தில் சேராத சில நூறு நிறமாலைகளை முழுதாகக் கணக்கிட்டு இரண்டையும் சோதியுங்கள்.

கே: ஆனால் கட்டத்துக்கு வெளியே வலையமைப்பு கண்டபடி உளறுமே?

உளறும். அதனால் வெளியே போகாதீர்கள். நேர்கோடும் அங்கே உளறத்தான் செய்யும், அமைதியாக.

கே: மிகச் சூடான ஓ வகை விண்மீன்களுக்கு மார்க்ஸ் வளிமண்டல மாதிரிகள் ஆகுமா?

ஆகாது, அவை 8000 கெல்வினோடு நிற்கின்றன. டிலஸ்டி நிரலின் ஓஸ்டார்2002 தொகுப்பில் 690 மாதிரிகள் தயாராக இருக்கின்றன.

கே: ஃபீனிக்ஸ் என்ற இன்னொரு நிரலின் நிறமாலையோடு ஒப்பிட்டால் என் கோடுகள் எல்லாம் நகர்ந்திருக்கின்றன. ஏன் சார்?

முதல் பதிலின் கடைசிப் பத்தி.

கே: ஒரு லட்சமும் எடுத்தே தீர வேண்டும். எத்தனை கோர் வாங்கலாம்?

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேலை, எத்தனை கோர் கொடுத்தாலும் தின்னும். 4000 முதல் 7000 ஆங்ஸ்ட்ராம் வரை 0.01 இடைவெளி என்றால் தலைக்கு 1.2 எம்பி, மொத்தம் 120 ஜிபி. லட்சம் உரைக்கோப்புகளாக மட்டும் வைக்காதீர்கள், எச்டிஎஃப்5 என்ற கோப்பு வடிவம் போதும். காற்றா வெற்றிடமா என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.