பதில்: அலாய் வீல், டியூப்லெஸ் டயர், காற்று இறங்குது. டியூப் போடலாமா?

வண்டியோட அலாய் வீல்ல (அலுமினியக் கலவைச் சக்கரம்) இருக்கிற டியூப்லெஸ் டயர்ல, அதாவது உள்ளே டியூப் இல்லாத டயர்ல, காற்று இறங்கிக்கிட்டே இருக்கு, கடைக்காரர் டியூப் போடச் சொல்றார்னு கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு டியூப் போடாதீங்க. ஆணி எதுவும் இல்லாம நாலஞ்சு நாளைக்கு ஒருமுறை பின் டயர்ல காற்று இறங்குதுன்னா, குறை பெரும்பாலும் வால்வுலயோ ரிம் விளிம்புலயோதான். கடைக்காரர் சொல்ற டியூப் அதை மறைக்கும், சரி பண்ணாது.

காற்றை முழுசா அடிச்சுட்டு சோப்புத் தண்ணி ஊத்திப் பாருங்க.

1. வால்வு வாயில குமிழி வந்தா, வால்வு உள்ளே காற்றை அடைச்சு வைக்கிற சின்ன பின்னை (valve core) மாத்தினா போதும்.

2. வால்வு ரப்பரை லேசா வளைச்சு அடியைப் பாருங்க. வெடிப்பு இருந்தா வால்வையே மாத்தணும்.

3. டயரும் ரிம்மும் சேர்ற இடத்துல, ரெண்டு பக்கமும், பொடிப்பொடியா நுரை வருதா? அப்படின்னா ரிம் விளிம்புல அலுமினியம் அரிச்சு, வெள்ளையா பூத்துப்போய் டயர் சரியா ஒட்டாம இருக்கு. கழற்றி, விளிம்பைத் தேய்ச்சு சுத்தம் பண்ணி மாட்டச் சொல்லுங்க. பழைய வண்டியில நான் முதல்ல சந்தேகப்படுறது இதைத்தான்.

டியூப்லெஸ்ல குத்தின ஆணியே ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும், மெதுவா கடை வரைக்கும் போயிடலாம். டியூப் கிழிஞ்சா காற்று சட்டுனு போகும், வேகத்துல வண்டி ஆட்டம் காணும். அந்தப் பாதுகாப்பை விட்டுடாதீங்க.

ஆனா ரிம்லயே விரிசல் இருந்தா டியூப் போட்டும் ஓட்டக் கூடாது, ரிம்மை மாத்தணும்.