காளான் படிக்க ஆசைப்படும் பெண்ணின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தும், நீட் மதிப்பெண் அரசுக் கல்லூரி இடத்துக்குப் போதவில்லை. காப்பித் தோட்டத்தை அடமானம் வைத்தாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடலாம் என்கிறார் உங்கள் கொழுந்தனார். அவளோ மழை விட்டதும் காளானைப் படமெடுக்கக் கிளம்பிவிடுகிறாள். "காளான் படித்துப் பண்ணையா வைக்கப் போகிறாள்?" என்று வீடே கேட்கிறது. உங்கள் பயம் புரிகிறது. ஆனால் தோட்டத்தைத் தொடாதீர்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணமாக 20 லட்சத்துக்கு மேல் கேட்கிற இடங்கள் பல. விடுதிச் செலவு தனி, மேற்படிப்பு தனி. மருத்துவம் வேண்டுமென்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்காத படிப்புக்குக் கடன் வாங்குவது கூடவே கூடாது.

அவள் பார்ப்பது விளையாட்டு இல்லை. காளானும் பூஞ்சைதான். உலகில் பெயர் வைக்கப்பட்ட பூஞ்சைகள் சுமார் ஒன்றரை லட்சம். மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலுக்காக 2025 மார்ச் வரை ஆராயப்பட்டவை ஏறத்தாழ 1,300தான். அவற்றில் குறைந்தது 411 அழியும் ஆபத்தில் இருக்கின்றன. ஆராயப்படாதவை பத்திரமாக இருக்கின்றன என்று அர்த்தமில்லை, யாரும் பார்க்கவில்லை. பூஞ்சையின் உடம்பு மண்ணிலும் மரத்திலும் நூலாகக் கிடக்கும்; காளான் சில நாள்தான் தலைகாட்டும். ஒரு வருடம் காணோம் என்றால் அழிந்துவிட்டதா, மழை பொய்த்ததா, தேடியவர் ஒரு வாரம் பிந்திப் போனாரா? ஒரே இடத்துக்கு வருடக்கணக்கில் போய் எழுதிவைத்த குறிப்பு இருந்தால்தான் சொல்ல முடியும். ஐரோப்பியக் காளானின் பெயரையே நம் மலைக் காளானுக்கும் வைத்துவிடுவதால், இங்கே மட்டும் உள்ள இனம் அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொள்வதும் உண்டு.

படம் மட்டும் சான்றாகாது. அடுத்த மழைக்கு அவள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காளானைப் பிடுங்கக் கூடாது. அடியில் கிண்ணம்போல் உறை இருந்தால் மண்ணோடு போய்விடும். கத்தியால் சுற்றித் தோண்டி எடுக்கட்டும். எந்த மரத்தடி, மண்ணிலா கட்டையிலா, வாசனை என்ன, வெட்டினால் நிறம் மாறுகிறதா என்று அங்கேயே எழுத வேண்டும். பாலிதீன் பையில் போட்டால் வேர்த்துக் கூழாகிவிடும், காகிதத்தில் மடிக்கட்டும். குடையின் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி, பாதி வெள்ளை பாதி கறுப்பான காகிதத்தில் வைத்து, டம்ளரால் இரவு முழுக்க மூடினால் ஸ்போர், அதாவது விதைபோன்ற தூள், படியும். வெள்ளை ஸ்போர் வெள்ளைத் தாளில் தெரியாது என்பதால்தான் கறுப்பு. டிஎன்ஏவுக்காக உட்சதையில் சிறு துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டுவிட்டு, மீதியை 40 டிகிரிச் சூட்டில் முறுமுறுவென்று உலர்த்த வேண்டும். சூடு ஏறினால் வெந்துபோகும். மெதுவாகக் காய்ந்தால் புழு தின்றுவிடும். படம், பொட்டலம், குறிப்பு மூன்றிலும் ஒரே எண். வாயில் மட்டும் வைக்கவே கூடாது. காப்புக் காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. ஆரம்பத்துக்கு உங்கள் தோட்டத்து நிழல்மரங்களே போதும்.

படிப்பு அரசுக் கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல். எம்.எஸ்சி.க்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துத் தாவரவியல் உயராய்வு மையத்தைக் குறிவைக்கலாம். பூஞ்சையியலில் பழுத்த இடம் அது. பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. புனேயில் அகார்கர் நிறுவனம் தேசியப் பூஞ்சைச் சேகரத்தை வைத்திருக்கிறது. கேரளத்துப் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்திலும் காளான் ஆய்வு நடக்கிறது.

நிரந்தரப் பணியிடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். பிஎச்.டி. முடிக்க 28 வயதாகிவிடும். அதனால் நுண்ணோக்கியும் டிஎன்ஏ வரிசை ஒப்பீடும் சேர்த்தே கற்கட்டும். பயிர்நோய் ஆய்வகத்திலும் மருத்துவமனை ஆய்வகத்திலும் அந்தக் கைப்பழக்கத்துக்கு வேலை உண்டு. லட்சக்கணக்கில் வாங்கும் தனியார் பயோடெக் படிப்பு வேண்டவே வேண்டாம்.

அரசுக் கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் நாட்கள் கொஞ்சம்தான். தாவரவியலை முதல் விருப்பமாக அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.