கூட்டத்தில் கண்ணில் படாத ஆள்: எஃப்பிஎல் கேள்வி-பதில்

குற்றாலத்தில் சாரல் ஓயப் போகிற நேரத்தில்தான் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் தொடங்கும். அப்போதிருந்து மே மாதம் வரை, 38 கேம்வீக் (லீக்கின் ஒவ்வொரு சுற்றும் ஒரு கேம்வீக்), நம் பக்கத்தில் ஒரு கூட்டம் சனிக்கிழமை மத்தியானம் ஒரு கையில் சோறும் இன்னொரு கையில் போனுமாகத் திரியும். எஃப்பிஎல் என்கிற ஃபேன்டசி பிரீமியர் லீக்தான் காரணம்: அந்த லீக்கின் நிஜ ஆட்டக்காரர்களில் 15 பேரை விளையாட்டுக் காசுக்கு (மில்லியன் கணக்கில்) வாங்கி, வாரா வாரம் 11 பேரை இறக்கி, மிச்சப் பேரைப் பெஞ்சில் வைத்து, மைதானத்தில் அவர்கள் செய்வதற்குப் பாயின்ட் சேர்க்கும் ஆன்லைன் விளையாட்டு. பாளையங்கோட்டையில் 12 சீசனாக அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: எல்லாரும் வைத்திருக்கிற ஆளை விட்டுவிட்டு, யாரும் பார்க்காத ஆளை எப்படிப் பிடிப்பது?

"ஹாலண்ட், சாலா ரெண்டு பேரையும் வாங்கினால் மிச்சக் காசுக்கு 4.5, 5 மில்லியன் ஆட்கள்தான் கிடைக்கிறார்கள். அதில் எவர் தேறுவார் என்று எப்படித் தெரியும்?" (கல்லூரி மாணவர், மேலப்பாளையம்)

திறமைசாலியை எல்லாரும் பார்த்துவிடுவார்கள், தம்பி. வேலை மாறிய ஆளைத்தான் பார்க்க மாட்டார்கள். அவரைத் தேடுங்கள்.

விலையையும் இடத்தையும் சீசன் தொடங்கும் முன்பே எழுதிவிடுகிறார்கள். விலை அப்புறம் பத்துப் பைசா கணக்கில் ஏறும், இறங்கும். ஆனால் டிஃபெண்டர் என்று எழுதினது எழுதினதுதான், சீசன் முடிகிற வரை மாறாது. கோச் அவரை எங்கே நிறுத்துகிறார் என்பது வேறு கதை. 2019-20இல் ஷெஃபீல்டு யுனைடெட்டின் ஜான் லண்ட்ஸ்ட்ராம் 4.0 மில்லியன், பட்டியலில் டிஃபெண்டர். மைதானத்தில் அவர் ஆடியதோ நடுக்களத்தில், எதிரணி பெனால்டி பெட்டிக்குள் ஓடி ஓடி. அந்த நவம்பரில் பர்ன்லியை 3-0 என்று ஜெயித்த ஆட்டத்தில் ரெண்டு கோல் போட்டார். கணக்குப் போடுங்கள்: டிஃபெண்டர் கோலுக்கு 6 வீதம் 12, அணி கோலே வாங்காத கிளீன் ஷீட்டுக்கு 4, 60 நிமிடம் தாண்டியதற்கு 2, போனஸ் 3. மொத்தம் 21. இதே ஆட்டத்தை மிட்ஃபீல்டர் என்று எழுதப்பட்ட ஒருவர் ஆடியிருந்தால் 16தான். அடுத்த சீசனில் லீட்ஸின் ஸ்டூவர்ட் டாலஸும் அப்படித்தான். டிஃபெண்டர் என்று எழுதி 4.5 மில்லியன் விலை. நடுக்களத்திலும் ஆடி லீக்கில் 8 கோல்.

வேலை மாறுவதில் இன்னொரு வகை, பெனால்டி. கோல் பாமர் 2023 செப்டம்பர் 1ஆம் தேதி மான்செஸ்டர் சிட்டியிலிருந்து செல்சிக்கு வந்தார், விலை 5.0. அக்டோபரில் பர்ன்லியில் நடந்த ஆட்டத்தில் செல்சிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் புள்ளியில் வைத்தவர் 21 வயது பாமர். அன்றைக்கு அதைக் கவனித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக வாங்கியவருக்கு மே வரைக்கும் லாபம். அந்த சீசன் லீக்கில் அவர் போட்டது 22 கோல், அதில் 9 பெனால்டி.

ஆகவே விலை குறைந்த ஆளை வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். கடைசி நாலு ஆட்டத்தில் எத்தனை நிமிடம் ஆடினார்? ஆடும்போது எங்கே நின்றார்? கார்னரும் பெனால்டியும் யார் அடிக்கிறார்கள்? முதல் கேள்விக்கே பதில் சரியில்லை என்றால் மற்ற இரண்டையும் பார்க்க வேண்டாம்.

"நான் இறக்கிய ஆள் 89ஆவது நிமிடம் வந்து 1 பாயின்ட் வாங்கினார். பெஞ்சில் உட்கார வைத்தவர் 12. பெஞ்ச் ஆள் ஏன் தானாக உள்ளே வரவில்லை?" (வங்கி ஊழியர், அம்பாசமுத்திரம்)

அந்த ஒரு நிமிடம்தான் காரணம், சார். நீங்கள் இறக்கிய ஆள் ஆட்டத்துக்கே வராமல் இருந்தால்தான் பெஞ்சிலிருந்து வரிசைப்படி ஆள் உள்ளே வருவார். கடைசி நிமிடத்தில் வந்து நின்றாலும் ஆடினதாகத்தான் கணக்கு. பெரிய கிளப்பில் ஒரு வாரம் ஆடி ஒரு வாரம் உட்காரும் இளைஞரைவிட, ஃபுல்ஹாமிலோ பிரென்ட்ஃபோர்டிலோ வாரா வாரம் 90 நிமிடம் ஆடுகிறவர் மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

"எங்கள் ஆபீஸ் லீக்கில் 14 பேர். முதலில் நிற்பவரைவிட 46 பாயின்ட் பின்னால் இருக்கிறேன். எட்டு வாரம்தான் பாக்கி. மொத்தமாக ஆளை மாற்றிவிடவா?" (நாங்குநேரி)

வேண்டாம் அண்ணாச்சி. 46ஐ எட்டால் வகுத்தால் வாரத்துக்கு ஆறு பாயின்ட்டுக்கும் குறைவு. ஒரு மிட்ஃபீல்டர் கோல் போட்டால் 5, அசிஸ்ட் (கோலுக்குப் பந்து கொடுப்பது) ஒன்று கூட வந்தால் இன்னும் 3. வாரத்துக்கு ஒரு நல்ல ஆள் அதிகம் இருந்தால் போதும், ஊரையே கூட்ட வேண்டியதில்லை. அவசரப்பட்டு நாலு பேரை மாற்றினால், கையிலிருக்கும் ஃப்ரீ டிரான்ஸ்பர் (இலவசமாக ஆளை மாற்றும் வாய்ப்பு) போக ஒவ்வொன்றுக்கும் 4 பாயின்ட் போய்விடும்.

முதலில் அவருடைய டீமைத் திறந்து பாருங்கள். டெட்லைன் (அந்த வாரத்துக்கு ஆளை மாற்றக் கடைசி நேரம்) முடிந்ததும் எல்லாருக்கும் தெரியும், ஒளிவுமறைவு இல்லை. அவரிடமும் உங்களிடமும் இருக்கிற ஆள் கோல் போட்டால், உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கோல் நடக்காத மாதிரிதான். இடைவெளி குறைவது அவரிடம் இல்லாத ஆளால் மட்டும். பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் ஆடுகிற ஆட்டத்தில் 'இவரை 4 சதவீதம் பேர்தான் வைத்திருக்கிறார்கள்' என்று சந்தோஷப்படுவார்கள். உங்கள் 14 பேரில் ஆறு பேர் அவரை வைத்திருப்பார்கள்!

நம் ஊர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் யுனைடெட், செல்சி, லிவர்பூல், ஆர்சனல் ரசிகர்கள். தன் கிளப்பிலிருந்து மூன்று பேரை எடுப்பார்கள் (ஒரே கிளப்பில் மூன்றுக்கு மேல் முடியாது, இல்லாவிட்டால் 15ஐயும் அங்கேயே எடுப்பார்கள்). எதிரி கிளப் ஆளை வீம்புக்குத் தொட மாட்டார்கள். போர்ன்மவுத், பிரைட்டன் ஆட்டமெல்லாம் யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. 2024-25இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கிறிஸ் வுட் 6.0 மில்லியனுக்குக் கிடைத்தார். அதற்கு முந்தைய சீசனிலேயே லீக்கில் 14 கோல். எங்கள் குரூப்பில் யாரும் சீண்டவில்லை. 'வயசாளி, ஃபாரஸ்ட் வேற' என்றார்கள். அவர் 20 கோலில் முடித்தார்.

கடைசியாக ஒன்று. மார்ச், ஏப்ரலில் கோப்பைப் போட்டிகளால் தள்ளிப்போன ஆட்டங்கள் சேர்ந்து, சில கிளப்புகளுக்கு ஒரே கேம்வீக்கில் ரெண்டு ஆட்டம் வரும். அந்த வாரம் சின்ன கிளப் ஆள் ஒருவர் உங்களிடம் இருந்து, முதலில் நிற்பவரிடம் இல்லாமல் இருந்தால், 46இல் ஒரு பெரிய துண்டு கழியும்.

"போன வாரம் ரெண்டு கோல் போட்டவரை விட்டுவிட்டு, ஒன்றுமே போடாதவரை வாங்கச் சொன்னீர்களே. புரியவில்லை." (சேரன்மகாதேவி)

தாமிரபரணியில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தக்கை நாலு தடவை ஆடியது, மீன் மாட்டவில்லை. அந்த இடத்தை விட்டு எழுந்து போவீர்களா? பக்கத்தில் ஒருவர் மடியில் மீன் தானாகத் துள்ளி விழுந்தது என்பதற்காக அவர் இடத்தில் போய் உட்காருவீர்களா?

எக்ஸ்ஜி (எக்ஸ்பெக்டட் கோல்ஸ், எதிர்பார்க்கும் கோல்) என்பது அந்தத் தக்கை ஆட்டத்தை எண்ணுகிற கணக்கு. ஒரு ஷாட் எங்கிருந்து, எப்படி அடிக்கப்பட்டது என்பதை வைத்து, அது கோலாக எத்தனை வாய்ப்பு என்று ஒன்றுக்குள் ஒரு எண் கொடுப்பார்கள். பெனால்டிக்கு 0.8க்குச் சற்றுக் குறைவு. முப்பது கெஜத்துக்கு அப்பாலிருந்து அடித்தால் நூற்றுக்கு ரெண்டு மூன்று. எஃப்பிஎல் தளத்திலேயே ஒவ்வோர் ஆளுக்கும் இந்த எண் இருக்கிறது. போன வாரம் ரெண்டு கோல் போட்டவர் ரெண்டையும் தூரத்திலிருந்து போட்டிருந்தார். நான் சொன்னவர் மூன்று வாரமாகக் கோல் வாசலில் நின்று தவறவிட்டுக்கொண்டிருக்கிறார். தவறவிடுகிறாரே என்று எல்லாரும் அவரை விற்கிறார்கள். வாங்க வேண்டிய நேரம் இதுதான். ஆனால் ஒரு ஆட்டத்து எண்ணை நம்பாதீர்கள். ஐந்து, ஆறு ஆட்டம் சேர்த்துப் பாருங்கள்.

"டிஃபெண்டரில் காசைக் கொட்டுவது வீண்தானே?" (ஆசிரியை, வள்ளியூர்)

2025-26க்கு முன் கேட்டிருந்தால் பாதி ஒத்துக்கொண்டிருப்பேன், டீச்சர். அந்த சீசனில் ஒரு புது விதி வந்தது. ஒரு ஆட்டத்தில் டேக்கிள், இன்டர்செப்ஷன், கிளியரன்ஸ், பிளாக் என்கிற தடுப்பு வேலை எல்லாம் சேர்த்துப் பத்தைத் தொட்டால் டிஃபெண்டருக்கு 2 பாயின்ட். மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் பன்னிரண்டு வேண்டும்; அவர்களுக்குச் சிதறிய பந்தை மீட்பதும் கணக்கில் சேரும். இருபது செய்தாலும் 2தான், கூடுதல் இல்லை.

இதனால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். கீழ்ப்பாதியில் கிடக்கும் கிளப், ஆட்டம் முழுக்கத் தன் பெட்டிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அங்கே நடுவில் நிற்கும் சென்டர் பேக் தலையால் முட்டியே பத்தைத் தாண்டுவார். 0-2 என்று தோற்றாலும், ஆடியதற்கு 2, தடுப்பு வேலைக்கு 2, ரெண்டு கோல் வாங்கியதற்கு ஒன்று கழித்தால் 3. அதே ஆட்டத்தில் ஓரத்தில் மேலே ஓடிக்கொண்டிருந்த டிஃபெண்டருக்கு (விங் பேக்) 1தான். எவர்ட்டனின் டார்கோவ்ஸ்கி மாதிரி ஆட்களை முன்பெல்லாம் 'ஓரமா நில்லுப்பா' என்று ஒதுக்கினோம். பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஆடும் மான்செஸ்டர் சிட்டியின் சென்டர் பேக்குக்கு அவ்வளவு கிளியரன்ஸ் வேலையே கிடையாது.

சென்டர் பேக்குகளை இப்போது ஊரே கண்டுபிடித்துவிட்டது. டிஃபென்சுக்கு முன்னால் நின்று பந்து பறிக்கும் மிட்ஃபீல்டர்களைத்தான் இன்னும் நிறையப் பேர் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்து மில்லியன் சுற்றி ஒருவரை ஐந்தாவது மிட்ஃபீல்டராக வைத்துக்கொள்ளுங்கள். 38இல் பாதி ஆட்டங்களில் பன்னிரண்டைத் தொட்டால் சீசனில் 38 பாயின்ட். கோலே போடாமல்!

"கோல்கீப்பர்?" (பேட்டை. கேள்வியே இவ்வளவுதான்)

4.5 மில்லியனுக்கு மேல் வேண்டாம். கோல்கீப்பர் மூன்று ஷாட்டைத் தடுத்தால் ஒரு பாயின்ட், ஆகவே அடி வாங்கும் கிளப் ஆளே போதும்.

"டெட்லைன் ஒரு வாரம் ஒரு மாதிரி இருக்கிறது. எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும்?" (களக்காடு)

அந்தக் கேம்வீக்கின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு. சனிக்கிழமை அங்கே மத்தியானம் 12.30க்கு முதல் ஆட்டம் என்றால் நமக்கு 3.30 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை 4.30. வெள்ளி ராத்திரி 8 மணி ஆட்டம் இருந்தால் நமக்கு டெட்லைன் ராத்திரி 11, குளிர்காலத்தில் 12. அணி விவரம் டெட்லைன் முடிந்த பிறகுதான் வரும், அதைப் பார்த்துவிட்டு மாற்றலாம் என்று காத்திருக்காதீர்கள்.

ஒரு செப்டம்பரில் பாபநாசம் போனோம். அகஸ்தியர் அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டுக் காயம்பட்ட கேப்டனை (பாயின்ட் இரட்டிப்பாக வேண்டும் என்று நாம் குறிக்கும் ஆள்) மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அருவியில் நேரம் போனதே தெரியவில்லை, மேலே போனில் ஒரு கோடு கூட இல்லை. விக்கிரமசிங்கபுரம் வந்து கோடு முளைக்கும்போது மணி 3.50. கேப்டன் ஆடாவிட்டால் வைஸ் கேப்டனுக்கு இரட்டிப்பு உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வைஸ் கேப்டனும் அன்றைக்குப் பெஞ்சை விட்டு எழவே இல்லை. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே முடித்துவிடுகிறேன்.

"மகன் சனிக்கிழமையானால் ராத்திரி ஒரு மணி வரை போனும் கையுமாக இருக்கிறான். இதில் காசு போகுமா?" (ஒரு தாயார், டவுன்)

எஃப்பிஎல்லில் நுழைவுக் கட்டணமே கிடையாது, அக்கா. காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அப்படி ஏதாவது ஆப் போனில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். எங்கள் குரூப்பில் கடைசி இடம் பிடிப்பவர் எல்லாருக்கும் கால் கிலோ அல்வா வாங்கித் தர வேண்டும், அதுதான் பந்தயம். ஆட்டம் பார்க்காமலேயே இதை ஆடலாம் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். கேட்க மாட்டான்.

"யாரிடமும் இல்லாத ஆளைக் கேப்டன் ஆக்கினால் ஒரே வாரத்தில் மேலே போய்விடலாமே?" (தென்காசி)

போகலாம். நானும் போயிருக்கிறேன், மூன்று தடவை. முயற்சி செய்தது எத்தனை தடவை என்று எண்ணவில்லை. யாரும் பார்க்காத ஆளை மிட்ஃபீல்டில் வைத்தால் அவர் சொதப்பினாலும் 2 பாயின்ட்டோடு போகும். கேப்டன் ஆக்கினால், ஹாலண்ட் ஹாட்ரிக் போடுகிற அன்றைக்கு ஊரே இரட்டிப்பு வாங்கும், நீங்கள் மட்டும் வாசலில் நிற்பீர்கள். முதலில் நிற்பவரைத் துரத்துகிற கடைசி மூன்று நாலு வாரம் தவிர, கேப்டன் பட்டையைப் பெரிய ஆளிடமே விடுங்கள்.

நான் ஒரு முறை 4.9 மில்லியன் ஆள் ஒருவருக்கு டிரிபிள் கேப்டன் சிப் (கேப்டன் பாயின்ட்டை அந்த வாரம் மூன்று மடங்காக்கும் சலுகை) போட்டேன். 20ஆவது நிமிடம் சிவப்பு அட்டை. ஆடியதற்கு 1, அட்டைக்கு கழிவு 3, அதை மூன்றால் பெருக்கினால் மைனஸ் 6. அந்த ஸ்கிரீன்ஷாட்டை எங்கள் குரூப்பில் இன்றைக்கும் என் பிறந்தநாளுக்கு அனுப்புகிறார்கள்.